சிலம்பை உடைக்காத வழக்கு: வகுப்பறையில் மேல்முறையீட்டு விசாரணை நடத்துவது எப்படி?

முதல் வருடம் நாங்கள் நடத்திய விசாரணையில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவின் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு தலைமையாசிரியையாகச் சாட்சிக் கூண்டில் ஏறினான். கூண்டு என்பது கவிழ்த்து வைத்த இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். எதிர்தரப்பு வக்கீல் "அப்ஜெக்‌ஷன் மை லார்ட்!" என்று கத்தினாள். நீதிபதி மேசையில் பூரிக்கட்டையால் தட்டினார். ஹாலே சிரித்தது. நாடகமாகப் பார்த்தால் அருமைதான். ஆனால் அது மேல்முறையீடு அல்ல. அப்பீல் என்றால் என்ன என்று நான் சரியாகச் சொல்லித் தராததுதான் காரணம்.

தாராவியில் 90 அடி சாலைக்குப் பக்கத்தில், ஞாயிறு பிற்பகல் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு இதைச் செய்கிறேன். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை, ஏறக்குறைய முப்பது பேர். வார நாளில் ஆங்கில மீடியம், இந்தி மீடியம், மராத்தி மீடியம் என்று ஆளுக்கொரு பள்ளி. தமிழில்தான் பேசுவார்கள், ஆனால் மூச்சுக்கு ஒரு 'மத்லப்' (இந்தியில் 'அதாவது') வந்துவிடும். நான் வக்கீல் இல்லை. வக்கீல் இல்லாத ஒருவரும் இதை நடத்த முடியும், அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் இதைப் புரியவையுங்கள்

நம் பிள்ளைகள் மனதில் வழக்கு என்றால் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று சினிமா கோர்ட். இன்னொன்று கண்ணகி. பாண்டியன் சபையில் அவள் என்ன செய்தாள்? புதிய ஆதாரத்தைக் கொண்டுவந்தாள். அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்றாள். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது.

மேல்முறையீட்டில் சிலம்பை உடைக்க முடியாது. சாட்சி கிடையாது, கூண்டு கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. நடந்தது என்ன என்பதைக் கீழ்க் கோர்ட் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டது. அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தீர்ப்பில் சட்டம் எங்கே பிசகியது?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. "எங்கும் பிசகவில்லை" என்று மறுதரப்பு சொல்கிறது. நீதிபதிகள் இரண்டு பேரையும் நடுவில் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறார்கள். விசாரணை முழுவதும் இவ்வளவுதான். நிஜக் கோர்ட்டில் அபூர்வமாகப் புதிய ஆதாரத்தை அனுமதிப்பது உண்டு. வகுப்பில் அந்தக் கதவைத் திறக்காதீர்கள், துப்பட்டா உள்ளே வந்துவிடும்.

இங்கே பாதிக் குடும்பங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் என்பதால் நான் வ.உ.சி.யைச் சொல்வேன். 1908-ல் திருநெல்வேலியில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தபோது தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். மேல் கோர்ட்டில் யாரும் மறுபடி சாட்சி சொல்லாமலே ஒரு தண்டனை மாறலாம் என்பது பிள்ளைகளுக்கு அதில் உறைத்துவிடுகிறது.

அப்புறம் ஒரு பத்து நிமிட வீடியோ. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் 2022 செப்டம்பரிலிருந்து நேரலையில் வருகின்றன. ஏதாவது ஒன்றைப் போட்டு, ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வக்கீல் எத்தனை வினாடி இடைமறிக்கப்படாமல் பேசினார் என்று எண்ணச் சொல்லுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. "அக்கா, பேசவே விட மாட்டேங்கிறாங்களே" என்று ஒரு குரல் வரும். வந்தால் பாடம் ஏறிவிட்டது.

எந்த வழக்கு?

இதில்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுகிறார்கள். கொலை வழக்கு வேண்டாம், சொத்துத் தகராறு வேண்டாம். நடந்ததைப் பற்றி இரு தரப்புக்கும் சண்டை இல்லாமல், அதன் பொருள் என்ன என்பதில் மட்டும் சண்டை இருக்கும் வழக்காகப் பாருங்கள். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் தொட்டுப் பார்த்த விஷயமாகவும் இருக்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்ப எடுப்பது பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு. 10, 9, 5-ஆம் வகுப்புகளில் படித்த மூன்று பிள்ளைகள், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலை வழிபாட்டில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். தங்கள் நம்பிக்கை அதை அனுமதிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். இரு நீதிபதிகள் அமர்வும் தள்ளியது. கீதத்தில் யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை என்பது அந்த அமர்வு சொன்ன காரணம். அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல்.

இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்கு அகப்படவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தினமும் அந்த வரிசையில் நிற்பவர்கள். எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு, அதுவும் சூடான கருத்து. சூடு அதிகமாகும் என்றால் முன்கூட்டியே பெற்றோரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்ட வருடம் ஒரு அண்ணாச்சி கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, "பிள்ளைய பாட வேண்டாம்னு சொல்லிக் குடுக்கீகளாமே" என்று வாசலில் நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கடைசி வரை இருந்தார்.

ஒரு தந்திரம்: வழக்கின் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். "மூன்று பிள்ளைகள் வழக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் அன்று இரவே போனில் முடிவைப் பார்த்துவிடுவார்கள். பார்த்துவிட்டு வந்தாலும் குடி முழுகாது. "உங்கள் அமர்வு அதற்குக் கட்டுப்பட்டது அல்ல" என்று சொல்லிவிடுங்கள்.

கேஸ் கட்டு

தமிழில் நான்கு பக்கம், அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். முதல் பக்கத்தில் நடந்தவை. எந்தப் பக்கமும் சாயாத மொழியில் எழுதுங்கள். "பாட மறுத்தனர்" என்று எழுதினாலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "பாடவில்லை" என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் உயர்நீதிமன்றம் சொன்ன காரணம்.

மூன்றாம் பக்கத்தில் சட்டப் பிரிவுகள். அரசியல் சாசனம் 19(1)(அ), பேச்சுரிமை. 19(2), அந்த உரிமையைச் 'சட்டம்' மூலம் எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பது. 25(1), மனசாட்சி உரிமை. பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. 51அ, 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் வந்த அடிப்படைக் கடமைகள். அதில் முதலாவதிலேயே தேசிய கீதத்தை மதிப்பதும் வருகிறது. கடைசியாக, 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், பிரிவு 3: கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதும் குற்றம். இந்தப் பிரிவைப் பிள்ளைகள் மூன்று முறை படிக்கட்டும். பாடாமல் இருப்பது குற்றம் என்று அதில் இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. இவற்றோடு, கீதம் பாடுவது பற்றிய கல்வித் துறைச் சுற்றறிக்கைகளை அரசுத் தரப்பு நம்பியிருந்தது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

நான்காம் பக்கத்தில் பழைய தீர்ப்புகள், ஒவ்வொன்றும் ஐந்து வரி. கரக் சிங் வழக்கு: போலீஸ் தனக்காக எழுதிக்கொண்ட நிர்வாக விதி 'சட்டம்' ஆகாது. அமெரிக்காவிலிருந்து ஒரு ஜோடி: 1940-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதே மதப் பிரிவுப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செலுத்தச் சொல்லிப் பள்ளி கட்டாயப்படுத்தலாம் என்றது. 1943-ல் தானே அதை மாற்றி, கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இரண்டையும் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஆட்டம் அப்போதே முடிந்துவிடும். வெளிநாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம் என்பதையும் அடியில் எழுதிவிடுங்கள்.

ஆள் பிரிப்பது

ஒன்பது பேர் ஒரு கோர்ட்: மூன்று நீதிபதி, மேல்முறையீட்டாளர் பக்கம் மூன்று வக்கீல், எதிர்தரப்பில் மூன்று. 27 பேர் இருந்தால் மூன்று கோர்ட் ஒரே நேரத்தில் நடத்தலாம். யாரும் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை, மூன்று அமர்வும் மூன்று விதமாகத் தீர்ப்பு சொல்லும்போது விவாதம் களைகட்டும். பள்ளிக்கூடத்தில் வராந்தாவும் பக்கத்து அறையும் கிடைப்பவர்கள் இப்படியே செய்யுங்கள்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஹால், அதுவும் கீழே தையல் மிஷின்கள் ஓடும் ஹால். அதனால் ஒரே கோர்ட், ஐந்து நீதிபதிகள், பக்கத்துக்கு ஆறு பேர். மீதிப் பேரில் ஒருவர் நேரம் பார்ப்பவர், ஒருவர் டவாலி, மற்றவர்கள் செய்தியாளர்கள். டவாலி வேலைக்குப் போட்டி பயங்கரமாக இருக்கும். குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வழக்கின் பெயரை மூன்று தடவை கூப்பிடும் வேலை அல்லவா! ஜூலை மாதம் நடத்தினால் கவுனுக்கும் கவலை இல்லை, கறுப்பு ரெயின்கோட் வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

யாரை எந்தப் பக்கம் போடுவது? கேட்டுப் போடாதீர்கள். சீட்டுக் குலுக்குங்கள். "பாடித்தான் ஆகணும்" என்று அடித்துச் சொன்ன பெண்ணுக்கு அந்த மூன்று பிள்ளைகளுக்காக வாதாடும் சீட்டு விழுந்தால், அவளுக்குத்தான் அந்த மூன்று வாரத்தில் அதிக லாபம்.

தயாரிப்பு: வக்கீல்களை விட நீதிபதிகளைக் கவனியுங்கள்

இரண்டாம் ஞாயிறு முழுவதும் இதற்கு. வக்கீல் குழுக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அவர்களிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டு விட்டுவிடுங்கள்: "உயர்நீதிமன்றம் எந்த வாக்கியத்தில் பிசகியது?" அல்லது "ஏன் பிசகவில்லை?" அதற்கு இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் கேஸ் கட்டில் பக்க எண். மூன்றாவது காரணம் சொல்ல வந்தால் தடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று காரணம் தாங்காது.

நீதிபதிகள் பக்கம்தான் நான் உட்கார்ந்திருப்பேன். மேடையில் ஏற்றிவிட்டால் பிள்ளைகள் சிலை மாதிரி ஆகிவிடுகிறார்கள். இரண்டாவது வருடம் அதுதான் நடந்தது. ஐந்து நீதிபதிகளும் நாற்பது நிமிடம் வாயே திறக்கவில்லை. வக்கீல்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். பேச்சுப் போட்டியும் அதுவும் ஒன்றுதான்.

இப்போது ஒவ்வொரு நீதிபதியும் ஆறு கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும், தரப்புக்கு மூன்று. மூன்று வகையாகக் கேட்கச் சொல்லித் தருகிறேன். முதலாவது, 'எங்கே எழுதியிருக்கிறது' கேள்வி: "பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, பக்கம் காட்டுங்கள். சுற்றறிக்கை என்கிறீர்களே, அது சட்டமா?" இரண்டாவது, 'இழுத்துப் பார்க்கும்' கேள்வி: "இன்று மூன்று பேர், நாளை வகுப்பில் பாதிப் பேர் பாடாவிட்டால்?" மூன்றாவது, 'எதிராளியின் பலமான இடம்' கேள்வி: "கீதத்தை மதிப்பது கடமை என்று 51அ சொல்கிறதே, அதற்கு உங்கள் பதில் என்ன?" மூன்றாவது வகைதான் கடினம், அதனால் அதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். தனக்குப் பிடித்த பக்கத்தையே அதிகமாகக் குடைய வேண்டும் என்று சொன்னால் முதலில் முறைப்பார்கள், பிறகு ருசி கண்டுவிடுவார்கள்.

விசாரணை நாள்

மும்பைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த ஞாயிறு எந்த லைனில் மெகா பிளாக் (பராமரிப்புக்காக லோக்கல் ரயிலை நிறுத்துவது) என்று சனிக்கிழமையே பாருங்கள். விருந்தினராக ஒப்புக்கொண்ட வக்கீல் ஒருவர் குர்லாவில் மாட்டிக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கும்போதுதான் வந்து சேர்ந்தார்.

மேசை எதிரே இரண்டு பக்கமும் வக்கீல்கள். மேல்முறையீட்டாளருக்கு 10 நிமிடம், எதிர்தரப்புக்கு 10, பதிலுரைக்கு 2. கேள்வி கேட்கும் நேரமும் அந்தப் பத்துக்குள் அடக்கம். முதல் ஒரு நிமிடம் மட்டும் நீதிபதிகள் இடைமறிக்கக் கூடாது. நேரம் பார்ப்பவர் ஒரு நிமிடம் இருக்கும்போது மஞ்சள் அட்டை, முடிந்ததும் சிவப்பு. ஆறு வக்கீல்களுக்கும் வேலை இருக்க வேண்டும்: இரண்டிரண்டு பேராக ஒரு காரணம், பதிலுரை, மிச்சம் இருப்பவர் ஜூனியராகப் பக்கத்தில் நின்று பக்கத்தை எடுத்துக் கொடுக்கலாம். யாராவது "வாய்தா வேண்டும்" என்று கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். தரக் கூடாது.

எப்படி விளிப்பது? 'மை லார்ட்' வேண்டாம் என்று பார் கவுன்சில் 2006-லேயே விதி சேர்த்துவிட்டது. நாங்கள் பழைய தமிழ் வழக்கப்படி 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்கிறோம். பிள்ளைகளுக்கு அது வாயில் நன்றாக உருள்கிறது. நிஜத்தில் ஃபோர்ட் பகுதியில் இருக்கும் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கு ஆங்கிலத்தில்தான் நடக்கும். அம்மா அப்பாவுக்குப் புரியும் மொழியில் அப்பீல் நடப்பதை ஒரு தடவையாவது அவர்கள் பார்க்கட்டுமே என்பது என் ஆசை. பெற்றோருக்கு ஓரத்தில் நாற்காலி போட்டு வைப்பேன்.

சென்ற முறை நடந்ததில் ஒரு துண்டு:

"நாளைக்குப் பாதி வகுப்பு பாடாவிட்டாலும் இதையே சொல்வீர்களா?"

"எழுந்து நிற்பார்கள் என்றால், இதையேதான் சொல்வோம், கனம் கோர்ட்டார் அவர்களே."

"எழுந்தும் நிற்காவிட்டால்?"

அந்தப் பெண் கேஸ் கட்டைப் புரட்டினாள். ஜூனியர் காதில் ஏதோ சொன்னான். "அது வேறு வழக்கு. இந்த வழக்கில் எழுந்து நின்றார்கள் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது."

எட்டாம் வகுப்புப் பெண். கேஸ் கட்டுக்கு வெளியே போகாமல், கேள்வியிலிருந்தும் நழுவாமல் பதில் சொன்னாள். இப்படி ஒரு பதில் வந்துவிட்டால் அந்த வருடம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வேன். தெரியாத கேள்விக்கு என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள்: "அந்த விஷயம் கேஸ் கட்டில் இல்லை" என்று சொல்லலாம். கதை கட்டக் கூடாது.

தீர்ப்பு

நிஜ நீதிபதிகள் அறைக்குள் போய்ப் பேசுவார்கள். வகுப்பில் அப்படி அனுப்பாதீர்கள். நாற்காலிகளை வட்டமாகத் திருப்பி, எல்லோர் முன்னிலையிலும் 10 நிமிடம் பேசிக்கொள்ளட்டும். சுற்றி இருப்பவர்கள் மூச்சுவிடக் கூடாது. தன் வாதம் எங்கே எடுபட்டது, எங்கே காற்றில் போனது என்று வக்கீல்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். பிறகு ஆளாளுக்குத் தன் முடிவையும் ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். "எனக்கு அவங்கதான் நல்லா பேசின மாதிரி இருந்தது" என்பது காரணம் ஆகாது, பிரிவு எண் வேண்டும். மாறுபட்ட தீர்ப்புக்கும் இடம் உண்டு. அதைத் தோற்றவர் கருத்து மாதிரி அவசரமாக முடிக்காமல் முழுதாக வாசிக்க விடுங்கள்.

அதற்குப் பிறகுதான் வழக்கின் நிஜப் பெயர். 1986 ஆகஸ்ட் 11-ல் நீதிபதிகள் ஓ.சின்னப்ப ரெட்டியும் எம்.எம்.தத்தும் பிள்ளைகளின் மேல்முறையீட்டை ஏற்றார்கள். பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, துறைச் சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது, மரியாதையாக எழுந்து நிற்பது அவமதிப்பு ஆகாது என்றார்கள். மூவரையும் திரும்பப் பள்ளியில் சேர்க்கச் சொன்னார்கள். எங்கள் ஹாலில் இரண்டு முறை இதற்கு நேர்மாறான தீர்ப்பு வந்திருக்கிறது. அதைத் 'தப்பு' என்று நான் திருத்துவதில்லை. உச்ச நீதிமன்றம் பார்த்த எந்த வாக்கியத்தை நீங்கள் தாண்டிப் போனீர்கள் என்று மட்டும் தேடச் சொல்வேன்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டிய பள்ளிகளில், பேச்சு நடைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். கேள்விக்குப் பதில் சொன்னதற்கும் பக்க எண் காட்டியதற்கும் கொடுங்கள். நீதிபதிகளுக்குக் கேள்விக்கு.

அடுத்த பருவத்துக்கு

ருசி கண்ட பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டின் நடைபாதைவாசிகள் வழக்கு, ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி. மனுதாரர்களில் ஒருவர் ஊரில் பஞ்சம் பிழைக்க வழியில்லாமல் 1961-ல் சேலத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளி. தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். அவர் குடிசையை 1981 ஜூலையில் இடித்துக் குடும்பத்தைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். வாழ்வுரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆனாலும் நடைபாதையைக் காலி செய்ய மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டு தரப்பும் ஜெயித்த மாதிரியும் தோற்ற மாதிரியும் இருக்கும்.

ஒரு சிக்கல். அது மேல்முறையீடு அல்ல, 32-ஆம் பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு. பிசகு தேடுவதற்குக் கீழ்த் தீர்ப்பு இல்லை. நாங்களே ஒரு பக்கத்தில் கற்பனையாக ஒரு கீழ்த் தீர்ப்பு எழுதி, மேலே 'கற்பனை' என்று பெரிதாகப் போட்டுச் சேர்த்துக்கொண்டோம். இதற்கு மூன்று ஞாயிறு போதாது, ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் கட்டு வீட்டுக்குப் போன பிறகு, அடுத்த வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். தாத்தா எந்த வருடம் வந்தார், முதலில் எங்கே படுத்தார் என்று எழுதிக்கொண்டு வந்தவர்களிடம், அதையெல்லாம் வெளியே வைத்துவிட்டு நான்கு பக்கத்துக்குள்ளேயே வாதாடச் சொல்ல எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது.